இரண்டு முனையும் பொருந்தினால் போதுமா?

மானிட்டர் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேபிள் பிரச்சினைதான். மதுரையில் 20 வருடமாகப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் மேசைக்கு வருவதும் இதேதான். நான்கு கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

பொள்ளாச்சி வாசகி ஒருவர்: வீட்டிலிருந்தபடி கணக்கு எழுதும் வேலை. லேப்டாப்பில் திரையை இணைக்க ஹெச்டிஎம்ஐ ஓட்டை மட்டும்தான். அண்ணன் கொடுத்த பழைய மானிட்டரில் விஜிஏ, டிஸ்ப்ளேபோர்ட் இரண்டும் உண்டு. ஒரு முனை ஹெச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கேபிள் வாங்கினேன். நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் "நோ சிக்னல்" என்றே வருகிறது. மானிட்டர் போய்விட்டது என்கிறார் கடைக்காரர். உண்மையா?

மானிட்டர் போகவில்லை சகோதரி. தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

நீங்கள் வாங்கியது ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளேபோர்ட் முனை லேப்டாப்பிலும் ஹெச்டிஎம்ஐ முனை மானிட்டரிலும் இருந்தால்தான் அது வேலை செய்யும். உங்கள் வீட்டில் எதிர்த்திசை. கேபிள் உறையில் இதைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், பல உறைகளில் அதுவும் இருக்காது.

ஏன் ஒருவழி? ஹெச்டிஎம்ஐ படத்தைத் தொடர்ந்து ஓடும் நீரோட்டம் மாதிரி அனுப்புகிறது. டிஸ்ப்ளேபோர்ட் அதையே சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. டிஸ்ப்ளேபோர்ட் உள்ள பெரும்பாலான கணினிகளுக்கு ஹெச்டிஎம்ஐ பாஷையும் தெரியும். எதிரில் ஹெச்டிஎம்ஐ என்று தெரிந்தால் மாற்றிப் பேசிக்கொள்ளும். அதனால்தான் அந்தத் திசைக்கு மலிவான கேபிள் போதுகிறது. ஹெச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப்புக்கு டிஸ்ப்ளேபோர்ட் பாஷை சுத்தமாகத் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்குக் கரண்டும் வேண்டும்.

ஆகவே கடையில் இப்படிக் கேளுங்கள்: "ஹெச்டிஎம்ஐ இன், டிஸ்ப்ளேபோர்ட் அவுட், யூஎஸ்பி பவர் ஒயரோடு வரும் கன்வெர்ட்டர்." தனியாக ஒரு யூஎஸ்பி வால் தொங்குகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் அடையாளம்.

இன்னொரு வழி ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர். சில நூறு ரூபாயில் கிடைக்கும், படமும் வரும். ஆனால் விஜிஏ, ஐபிஎம் 1987இல் கொண்டுவந்த அனலாக் முறை. எழுத்தின் ஓரம் கொஞ்சம் மசமசவென்று தெரியும். மானிட்டர் மெனுவில் ஆட்டோ அட்ஜஸ்ட் கொடுத்தால் ஓரளவு சரியாகும், முழுக்க ஆகாது. பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் அது போதும். காலையிலிருந்து சாயங்காலம் வரை எண்களையே பார்க்கிறவர் நீங்கள். 3 எது 8 எது என்று கண்ணைச் சுருக்க வைக்கும் திரை வேண்டாம். கூடுதலாகச் செலவானாலும் டிஸ்ப்ளேபோர்ட் கன்வெர்ட்டரையே வாங்கச் சொல்வேன்.

இவ்வளவு நீட்டி எழுத ஒரு காரணம் உண்டு. சில வருடம் முன்பு டைப்பிங் சென்டர் நடத்தும் ஒரு அம்மா, இதே கேபிளில் ஆறு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். விற்ற கடையில் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள். மானிட்டர்தான் பழுது என்று நம்பி ஆறு மானிட்டரையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். என் மேசையில் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தபோது அவர் கண் கலங்கியது இன்னும் மறக்கவில்லை. கேபிள் வாங்கும்போது விலைக்கு முன்னால் திசையைக் கேளுங்கள்.

திருநெல்வேலி கல்லூரி மாணவர்: லேப்டாப்பிலும் மானிட்டரிலும் டைப்-சி இருக்கிறது. போன் சார்ஜர் கேபிளைப் போட்டேன். லேப்டாப் சார்ஜ் ஆகிறது, படம் வரவில்லை.

தம்பி, டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டும்தான். அதற்குள் 24 பின் உண்டு. படம் போவது அதில் உள்ள அதிவேக ஜோடிகள் வழியாக. போனோடு வரும் கேபிள்களில் பெரும்பாலானவற்றில் அந்த ஜோடிகளே இருக்காது. கரண்டுக்கும் பழைய யூஎஸ்பி 2 வேகத்துக்கும் மட்டும் ஒயர் போட்டிருப்பார்கள். 100 வாட் என்று அச்சிட்ட தடித்த கேபிளும் பல சமயம் இதே கதைதான். மானிட்டர் பெட்டிக்குள் வந்த கேபிளை முதலில் தேடுங்கள். அது தொலைந்திருந்தால் 'வீடியோ' என்று வெளிப்படையாகப் போட்ட கேபிளாக வாங்குங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் பெரும்பாலும் லேப்டாப்பின் அந்த ஓட்டைக்கே படம் அனுப்பத் தெரியாது என்று அர்த்தம். பக்கத்தில் அம்பு முனையுள்ள மின்னல் குறியோ (தண்டர்போல்ட்), 'டி'க்குள் 'பி' வைத்த மாதிரி குறியோ இருந்தால் தெரியும். குறியே இல்லாவிட்டாலும் சிலவற்றுக்குத் தெரியும், ஆகவே மாடல் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் பக்கத்தில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' (டைப்-சி வழியாகப் படம் அனுப்பும் வசதி) என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு டைப்-சி இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

நாகர்கோவில் வாசகர்: புது 4கே மானிட்டர். டைப்-சி ஹப் (ஒரு ஓட்டையைப் பல ஓட்டையாக்கும் பெட்டி) வழியாக ஹெச்டிஎம்ஐயில் இணைத்திருக்கிறேன். மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்கிறது.

செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய்ப் பாருங்கள். 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும், அதாவது படம் நொடிக்கு 30 முறைதான் மாறுகிறது. 60 ஆக மாற்றும் வாய்ப்பு அங்கேயே காட்டினால் மாற்றிவிடுங்கள், செலவே இல்லை.

காட்டவில்லையா? சந்தேகம் ஹப் மேல்தான். 2009இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4இல் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் போகும். 2013இல் வந்த 2.0 தான் 60க்கு வழி திறந்தது. விலை குறைந்த ஹப் பலவும் இன்னும் 30இல்தான் நிற்கின்றன. தவிர, அதே ஹப்பில் வேகமான யூஎஸ்பி ஓட்டைகளும் இருந்தால், டைப்-சியின் நான்கு பாதைகளில் இரண்டை அவை எடுத்துக்கொள்ளும், படத்துக்கு இரண்டுதான் மிஞ்சும். சற்றே பழைய லேப்டாப்புக்கு அந்த இரண்டில் 4கே 60 அடங்காது. ஹப்பை மற்ற வேலைக்கு வைத்துக்கொண்டு, படத்துக்கு மட்டும் டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் நேரடி கேபிள் போடுங்கள். இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். தங்க முலாம் பூசியது என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள், படத்தில் ஒரு புள்ளி வித்தியாசமும் வராது.

சென்னை வாசகி: எம்1 மேக்புக் ஏரில் இரண்டு மானிட்டர் இணைக்க எந்த அடாப்டர்?

சாதாரண அடாப்டர் எதுவும் உதவாது. எம்1, எம்2 ஏர் இரண்டும் ஒரே ஒரு வெளித்திரைக்குத்தான் படம் அனுப்பும். இரண்டாவது கட்டாயம் வேண்டும் என்றால் டிஸ்ப்ளேலிங்க் சிப் (படத்தைச் சாதாரண யூஎஸ்பி தகவலாக அனுப்ப உதவுவது) உள்ள டாக், அதாவது ஹப் மாதிரியான இணைப்புப் பெட்டி வாங்கி, அதற்கான மென்பொருளையும் நிறுவ வேண்டும். எக்செல், மெயில் எல்லாம் நன்றாக ஓடும். வீடியோ எடிட்டிங்குக்கு வேண்டாம்.