வெடித்த குழாயின் மேல் பசை பூசிப் பயனில்லை

வணக்கம். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் வெள்ளை பிவிசி குழாய் நீளவாக்கில் வெடித்ததாகவும், எபாக்சி பசை பூசிய மூன்றாம் நாளே மீண்டும் கசிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மேலே எதைப் பூசினாலும் தண்ணீர் உள்ளிருந்து தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். விரிசல் முடிந்ததாகத் தெரியும் இடத்துக்கு அப்பாலும் இரண்டு அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். மயிரிழைக் கீறல் அங்கேயும் ஓடியிருக்கும்.

மேலும் கீழும் குழாய் அசையாமல் இறுகியிருந்தால், புதுத் துண்டின் ஒரு முனைக்குக் கப்ளரும் (இரு குழாய்களை இணைக்கும் உறை) மறுமுனைக்கு யூனியனும் (திருகிக் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) போடுங்கள்.

பலரும் தவறுவது ஈரத்தில்தான். வால்வை மூடிய பிறகும் ஒரு சொட்டு இறங்கினால் ஒட்டு பிடிக்காது. கீழே தண்ணீர் பிடிக்கும் குழாயைத் திறந்து முழுவதும் வடியவிடுங்கள். முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, சால்வென்ட் சிமெண்டை (பிவிசி குழாய்களை ஒட்டும் பசை) இரு பரப்பிலும் தடவுங்கள். கால் சுற்றுத் திருகியபடி நுழைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உடனே கையை எடுத்தால் குழாய் மெல்லப் பின்வாங்குவதைக் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

ஒரு நாள் முழுதும் காயவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். வெயில் படும் குழாய் என்பதால் வெள்ளைப் பெயிண்ட்டும் அடித்துவிடுங்கள்.