கிரஷரில் கணவருக்கு வேலை, நாலு மாதமாக இருமல்: என்ன செய்யலாம்?

கேள்வி: கரூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் கிரஷர். என் கணவர் அங்கே ஏழு வருடமாகக் கல் உடைக்கும் ஜா மெஷின் பக்கம் வேலை செய்கிறார். நாலு மாதமாக வறட்டு இருமல். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சளியைச் சோதித்து டிபி இல்லை என்றார்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. தூசி எங்களையும் பாதிக்குமா? யாரிடம் புகார் சொல்வது?

பதில்: முதலில் உங்கள் கணவர். மற்றதெல்லாம் அப்புறம்.

டிபி இல்லை என்றதும் நிம்மதியாகிவிட வேண்டாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். உள்ளே போனதும் இருமலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "கிரஷரில் ஏழு வருடம்" என்று சொல்லுங்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் ஓ.பி.யில் என்ன வேலை என்று யாரும் கேட்காமலே மருந்து எழுதிவிடுவது நடக்கிறது. எக்ஸ்ரேயும், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும் எடுக்கச் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன்.

நான் சந்தேகப்படுவது சிலிகோசிஸ், அதாவது கல்தூசியால் வரும் நுரையீரல் நோய். கிரானைட் வகைக் கல்லில் கால் பங்கு அளவுக்கு குவார்ட்ஸ் என்ற சிலிக்காத் தாது இருக்கும். உடையும்போது அது மிக நுண்ணிய சிலிக்காத் தூளாகப் பறக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் படிகிற வெள்ளைத் தூசியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். அதில் பெரும்பாலானது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நாலைந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்கள்தான் நுரையீரலின் கடைசி அறை வரை போகும். அங்கே அவற்றை விழுங்க வரும் செல்கள் செத்துப்போய், அந்த இடம் தழும்பாகிறது. தழும்பைக் கரைக்க மருந்து கிடையாது. மேற்கொண்டு தூசி போகாமல் நிறுத்துவதுதான் சிகிச்சையில் பெரிய பகுதி. சிலிகோசிஸ் உள்ளவர்களுக்கு டிபியும் எளிதில் தொற்றும், அதனால் இப்போது இல்லையென்றாலும் அவ்வப்போது சோதிக்க வேண்டும். பீடி பழக்கம் இருந்தால் இன்றே விடட்டும். சிலிக்காத் தூசி நுரையீரல் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே முடிவு செய்துவிட்டது.

துண்டு கட்டிக்கொண்டு போகிறாரா? அந்தத் துண்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூலுக்கு நூல் நடுவே வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளிக்கு முன்னால் நாலு மைக்ரான் துகள் எம்மாத்திரம்? முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் கொஞ்சம் காப்பாற்றும், தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். உண்மையில் மாஸ்க் கடைசி அரண்தான். ஜாவிலும், பெல்ட்டிலிருந்து கல் விழும் இடங்களிலும் தண்ணீர் தெளித்தால் தூசி பிறக்கும் இடத்திலேயே அடங்கும். டாக்டர் நோயை உறுதி செய்தால் அந்த வேலையை விடுவதுதான் சரி. வீட்டுச் செலவைச் சமாளிப்பது கஷ்டம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

உங்களுக்கும் குழந்தைக்கும் சிலிகோசிஸ் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அது பெரும்பாலும் மெஷின் பக்கத்தில் நிற்பவர்களின் நோய். ஆனால் நுண்தூசி குழந்தைக்கு வீசிங், அடிக்கடி சளி, இருமல் தரும். கணவர் வேலைச் சட்டையோடு குழந்தையைத் தூக்க வேண்டாம். குளித்துவிட்டுத் தூக்கட்டும். அந்தச் சட்டையை உதறாதீர்கள், அப்படியே தண்ணீரில் முக்குங்கள். வீட்டையும் ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாறு தூசியைத் திரும்பவும் கிளப்பிவிடும். முருங்கை மரம் இருந்தால் இலையில் படிந்த தூசியைக் கழுவிவிடுங்கள். இலையின் துளைகள் அடைபட்டால் மரம் தளர்ந்துவிடும்.

இனி புகார். மெஷினிலிருந்து 3 முதல் 10 மீட்டர் தூரத்தில் அளக்கும்போது காற்றில் தூசி ஒரு கனமீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. காற்றுத் தடுப்புச் சுவர், தூசி அடக்கும் அமைப்பு, கெட்டியான பாதை, சுற்றிலும் மரம் ஆகியவையும் கட்டாயம். புதிய கிரஷர் குடியிருப்பிலிருந்து 500 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2004-ல் சொன்னது. உங்கள் ஊர் கிரஷர் எந்த வருடம் வந்தது என்று விசாரியுங்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுத்து, வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடமும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுங்கள். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் நல்லது. கணவர் பெயரில் மட்டும் கொடுத்தால் நாளைக்கே வேலை போய்விடும்.

ஒரு விஷயத்தை இப்போதே செய்யுங்கள்: கணவர் அங்கே வேலை பார்த்ததற்கான ஆதாரங்களைச் சேர்த்து வையுங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தது. நஷ்டஈடு கேட்க வழி உண்டு. மத்தியப் பிரதேசத்திலிருந்து குஜராத் குவார்ட்ஸ் ஆலைகளுக்குப் போய் இந்த நோயால் இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்க 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் உங்கள் கணவர் இந்தக் கிரஷரில் வேலை பார்த்தார் என்று காட்ட வேண்டுமே. சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், இ.எஸ்.ஐ. கார்டு, ஷிப்ட் குறித்த துண்டுச் சீட்டு, எக்ஸ்ரே பிலிம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு பீரோவில் வையுங்கள்.