வாங்குமுன் கேளுங்கள்: நிரலாக்கப் புத்தகங்கள்

கேள்வி: சாதாரண தரத்தில் பாஸ்கல் படித்தேன். உயர்தரத்துக்குப் பைத்தன். கடையில் ஆயிரம் பக்கத்தில் ஒன்றும் இருநூறு பக்கத்தில் ஒன்றும் உள்ளன. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது. எது நல்லது?
- மாணவி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, முதலில் தேசிய கல்வி நிறுவகத்தின் தமிழ் வள நூலை அவர்களின் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு அதுதான் அடிப்படை. அதற்கு மேல் ஒன்று வேண்டுமானால் இருநூறு பக்கமே போதும். மாறி, தெரிவு, மீள்செயல் (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்வது), அணி எல்லாம் பாஸ்கலிலேயே படித்துவிட்டீர்கள். பெரிய புத்தகங்கள் பக்கம் பக்கமாக அதைத்தான் திரும்பச் சொல்லும். உங்களுக்கு வேண்டியது இரண்டு மொழிக்கும் உள்ள வித்தியாசம்.

கடையில் நின்றபடியே மீள்செயல் அத்தியாயத்தைத் திறவுங்கள். பாஸ்கலில் 1 முதல் 10 வரை என்று ஃபோர் எழுதினால் 10 உம் சேரும். பைத்தனில் ரேஞ்ச் (1, 10) என்றால் 9 உடன் நின்றுவிடும். கட்டளைகளை ஒன்றாகத் தொகுக்கப் பாஸ்கலில் பிகின், எண்ட் செய்த வேலையை இங்கே வரியின் உள்தள்ளல் செய்கிறது. இடைவெளி பிசகினால் நிரல் ஓடாது, அல்லது ஓடிப் பிழையான விடை தரும். இந்த இரண்டையும் உதாரணத்தோடு விளக்காத புத்தகம் எத்தனை பக்கமானாலும் வேண்டாம். பயிற்சிகளுக்கு விடை இருக்கிறதா என்றும் பாருங்கள். தோட்டப் பக்கத்தில் சந்தேகம் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: ஒரே வாரத்தில் ஜாவா கற்றுத்தரும் புத்தகம் எது?
- வாசகர், பூண்டுலோயா

பதில்: அப்படி ஒன்று இல்லை. அட்டையில் நாள் கணக்குப் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்வி: “2023 புத்தகம்” என்று சொல்லி 4,200 ரூபாவுக்குப் பைத்தன் புத்தகம் விற்றார்கள். முதல் பயிற்சியே பிழை காட்டுகிறது. மகன் தனக்கு இது வராது என்று மூடி வைத்துவிட்டான். கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார். பக்கத்தின் படம் இணைத்துள்ளேன்.
- தாய், பண்டாரவளை

பதில்: அம்மா, மகன் மேல் ஒரு பிழையும் இல்லை. இதை இன்றே அவரிடம் சொல்லுங்கள். படத்தில் பிரின்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லை. அது பைத்தன் 2. பைத்தன் 3 வந்தது 2008 இல். பழையதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது. அந்தப் பழைய மொழியில் 7 ஐ 2 ஆல் வகுத்தால் 3 வரும், இன்றைய பைத்தனில் 3.5.

இந்த ஏமாற்று நடப்பது தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில். அங்கே முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மறுபதிப்பு என்று ஆண்டுகள் வரிசையாக இருக்கும். மறுபதிப்பு என்றால் அதே பக்கங்களை மறுபடி அச்சடித்தது, அவ்வளவுதான். கடைக்காரர் விரல் வைத்துக் காட்டுவது அந்த ஆண்டை. நீங்கள் பார்க்க வேண்டியது கடைசியாகத் திருத்திய பதிப்பின் ஆண்டை. மொழியின் எந்த வெர்ஷனுக்கு எழுதியது என்று முன்னுரை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் உள்ளே அடையாளம் தேடுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மாறியை அறிவிக்கும் லெட், கொன்ஸ்ட் இல்லையா? 2015 க்கு முந்தியது. ஜாவாவில் லாம்டா (பெயரிடாமல் எழுதும் சிறு செயற்கூறு) இல்லையா? 2014 க்கு முந்தியது. நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு பிஎச்பி புத்தகமும் இதே ரகம்: தரவுத்தள அத்தியாயம் முழுவதும் பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகள். 2015 இறுதியில் வந்த பிஎச்பி 7 இல் அவற்றை நீக்கியே விட்டார்கள். சி மொழிக்கு மட்டும் இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சிறு நூலின் 1988 ஆம் ஆண்டுப் பதிப்பை இன்றும் வைத்துப் படிக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியது: பற்றுச்சீட்டு, அட்டை, பதிப்பு விவரப் பக்கம் மூன்றையும் படமெடுத்து, கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதி, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு அனுப்புங்கள். வழி கேட்க 1977 ஐ அழைக்கலாம். பொய்த் தகவல் சொல்லிப் பொருள் விற்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: பேஸ்புக்கில் பார்த்து 1,500 ரூபா முன்பணம் போட்டேன். சுருள் கம்பி போட்ட போட்டோ கொப்பி வந்தது. இடப்பக்க எழுத்துகள் கம்பிக்குள் போய்விட்டன. பைத்தன் புத்தகம்.
- வாசகர், பதுளை

பதில்: உள்பக்கப் படம் கேட்டீர்களா? எந்தப் பதிப்பென்று கேட்டீர்களா? பில் கேட்டீர்களா? கடிதத்தில் ஒன்றுமே இல்லை. முகம் தெரியாதவருக்குக் காசு போடுமுன் இவ்வளவாவது கேட்க வேண்டும். பைத்தனில் இடப்பக்க இடைவெளிதான் இலக்கணம், அது மறைந்த பிரதி உதவாது. இனிச் செலவழிக்க வேண்டாம். பைத்தன் தளத்தில் அதிகாரபூர்வப் பாடங்களை மொத்தமாக இலவசமாக இறக்கி, சிக்னல் இல்லாத நேரத்திலும் படிக்கலாம்.

கேள்வி: ஜாவாவில் ஐந்து வருட வேலை. கோ மொழிக்குச் சுருக்கமான நூல் வேண்டும்.
- வாசகர், தலவாக்கலை

பதில்: சுருக்கமான நூல் உங்களுக்காகத்தான். ஆனால் சரியான இடத்தில் சுருங்கியிருக்க வேண்டும். கோ மொழியில் வகுப்பும் மரபுரிமையும் இல்லை. பிழை எக்செப்ஷனாக எறியப்படாமல் சாதாரண மதிப்பாகத் திரும்பி வரும். இன்டர்ஃபேஸை ‘இம்ப்ளிமென்ட்ஸ்’ என்று அறிவிக்காமலே நிறைவேற்றலாம். இவற்றுக்கும், பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்தும் கோரூட்டீன், அவற்றுக்கிடையே தரவு கடத்தும் சனல் இரண்டுக்கும் பக்கம் ஒதுக்கி, மாறி, சுழற்சி எல்லாவற்றையும் விரைவாக முடிக்கும் நூலாகத் தேடுங்கள்.

டொனவனும் கெர்னிகனும் 2015 இல் எழுதிய கோ நூல் 400 பக்கத்துக்குள் அடங்கும், விளக்கம் துல்லியம். அதில் மொடியூலும் (நிரல் பொதிகளை வெர்ஷனோடு நிர்வகிக்கும் முறை) ஜெனரிக்ஸும் (பல தரவு வகைகளுக்கு ஒரே நிரலை எழுதும் வசதி) இல்லை. முன்னது 2018 இல் அறிமுகமானது, பின்னது 2022 மார்ச்சில் வெர்ஷன் 1.18 உடன் வந்தது. இரண்டையும் கோ தளத்தின் இலவசப் பாடங்களில் படித்துக்கொள்ளுங்கள். நூலில் கோபாத் (பழைய முறையில் நிரல்களை வைக்கும் கோப்புறை) அமைக்கச் சொல்லும் பகுதியைத் தாண்டிவிடலாம். வேறு நூல் வாங்குவதானால் பின்னாலுள்ள சொல்லடைவில் ஜெனரிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். சொல்லடைவே இல்லையென்றால் வாங்க வேண்டாம். வேலைக்கு நடுவில் ஒரு விஷயத்தைத் தேடத்தான் அந்த நூலைத் திறப்பீர்கள்.