சங்கிலியிலேயே கிடக்கும் நாய்: புகார் செய்யலாமா?

கேள்வி: பக்கத்து வீட்டு நாயை இரவு பகலாகக் கட்டியே வைத்திருக்கிறார்கள். எலும்பும் தோலுமாகிவிட்டது. புகார் செய்தால் பழக்கம் கெட்டுவிடுமோ?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: முதலில் கழுத்தைப் பாருங்கள். குட்டியில் மாட்டிய பட்டை சதைக்குள் புதைந்திருந்தாலோ, புண்ணில் புழு நெளிந்தாலோ யோசிக்கவே வேண்டாம். அன்றே கால்நடை மருத்துவச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் சொல்லுங்கள். நகராண்மைக் கழகத்துக்குப் போகாதீர்கள். அவர்கள் பார்ப்பது நாய் உரிமமும் தெருநாய் பிடிப்பதும்.

மெலிவு மட்டும்தான் என்றால் ஒருமுறை நேரில் பேசலாம். பல வீடுகளில் ஷிப்ட் வேலையும் பணத் தட்டுப்பாடும்தான் காரணம். "அண்ணே, பகல்ல நான் தண்ணி வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே வேளையில் வயிறு நிறையப் போட்டால் உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து வேளை கொடுக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் மாற்றமில்லையா? உங்கள் வாசலில் நின்றே தேதியோடு படமெடுங்கள்: காய்ந்த தண்ணீர்ச் சட்டி, நிழலில்லாத இடம், தெரியும் விலா எலும்பு. வேலி தாண்டாதீர்கள். நாயை அவிழ்த்துக் கொண்டுபோனால் திருட்டுப் புகார் உங்கள்மேல் வரும். உங்கள் பெயரை வெளியிட வேண்டாமென்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2015 விலங்கு நலச் சட்டப்படி வதைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.