அடுத்த பேறு: எல்லையோரத்துத் தாய்மார் கேட்டவை

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை, பாறசாலை, பளுகல், கொல்லங்கோடு பக்கத்து வீடுகளிலிருந்து. எழுதியவர்களில் பலருக்கு இது இரண்டாவதோ மூன்றாவதோ பேறு. முதல் பேறுக்குத் தாய்வீடே திரண்டு நிற்கும். அடுத்ததற்கு, "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். தெரிந்திருந்தாலும் உடம்புக்குக் கவனிப்பு வேண்டும்தானே? அதை வீட்டிலுள்ள மற்றவர்களும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

வீடு களியக்காவிளையில், தாய்வீடு நெய்யாற்றின்கரையில். இப்போது எட்டு மாதம். முதல் பிள்ளை தமிழ்நாட்டுப் பக்கம், குழித்துறையில் பிறந்தது. இரண்டாவதைக் கேரளப் பக்கம் பெற்றால் பிறப்புச் சான்றிதழில் சிக்கல் வருமா?

வராது. எந்த ஊரில் பிறப்பு நடக்கிறதோ அந்த ஊர்ப் பஞ்சாயத்திலோ நகராட்சியிலோதான் அது பதிவாகும். நெய்யாற்றின்கரையில் பிறந்தால் அங்கேதான் பதிவு. அந்தச் சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும். ஆனால் 21 நாளுக்குள் பதிவாகிவிட்டதா என்று நீங்களும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர் இன்னும் வைக்கவில்லை என்றாலும் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

நம் பக்கத்தில் உண்மையான தொல்லை எழுத்துப் பிழைதான். தமிழில் தலைப்பெழுத்து போட்டு எழுதிய பெயர், மலையாளத்தில் வீட்டுப் பெயரோடு சேர்ந்து வேறு மாதிரி ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பும்போதே அம்மா, அப்பா பெயர்களை ஆதாரில் உள்ளபடி எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை இந்தச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். பின்னால் திருத்த அலைவதைவிட அன்றைக்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது மேல்.

எந்தப் பக்கம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் பெறுவதானால் பிறப்புப் பதிவுக்கு ஆர்.சி.எச். எண், அதாவது கர்ப்பத்தைப் பதிந்த எண், கேட்பார்கள், அதை உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் வாங்கி வைத்திருப்பீர்கள். தமிழ்நாடு அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தால், அக்கரையில் பிரசவமானால் மீதித் தவணை கிடைக்குமா என்று அந்தச் செவிலியரிடமே முதலில் கேளுங்கள். தாய்-சேய் அட்டை, ஸ்கேன், ரத்த வகைச் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அடுத்த மாநிலத்து டாக்டருக்கு உங்களைப் பற்றி அந்தப் பைதான் சொல்லும். தடுப்பூசி அட்டவணை இரு பக்கமும் பெரும்பாலும் ஒன்றே, அட்டையைக் காட்டி எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. வலி நன்றாகப் பிடித்தபின் முதல் பிரசவத்துக்குச் சராசரியாக எட்டு மணி நேரம் ஆகும் என்றால் அடுத்ததற்கு ஐந்து மணி நேரம்தான். "முதலுக்கு ராத்திரி முழுக்க வலித்ததே" என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். வலி ஒழுங்காக வரத் தொடங்கியதும் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், பிள்ளை அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால் வலிக்காகக் காத்திருக்கவே வேண்டாம். எல்லையில் கைபேசி அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் 108-க்குப் பண்ணும் அழைப்பும் அங்கே போகலாம். அதனால் மாநிலம், ஊர், பக்கத்தில் உள்ள கோயிலோ பள்ளியோ, இதையெல்லாம் முதலிலேயே சொல்லுங்கள். மூத்த பிள்ளையை அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வது என்பதும் இன்றே முடிவாக வேண்டும். அதற்கு ஆள் தேடியே கிளம்பத் தாமதமாகிற வீடுகள் உண்டு.

முதல் குழந்தை சிசேரியன். அதற்கு 11 மாதம் ஆகிறது. இப்போது மூன்று மாதக் கர்ப்பம். சுகப்பிரசவம் ஆகுமா?

சிசேரியனுக்குப் பிறகு தகுந்தவர்களாகப் பார்த்து முயலும்போது, நூறு பேரில் 60 முதல் 80 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. உங்கள் விஷயத்தில் யோசிக்க வைப்பது இடைவெளி. இரண்டு பிரசவத்துக்கும் நடுவே சுமார் 17 மாதம்தான் இருக்கும். இடைவெளி 18, 19 மாதத்துக்குக் கீழே போனால், வலி வரும் நேரத்தில் கர்ப்பப்பையில் உள்ள பழைய தழும்பு கிழியும் ஆபத்து கூடுகிறது. இப்படி முயல்கிறவர்களில் பொதுவாகவே இருநூறில் ஒருவருக்கு ஏற்படக்கூடியது அது. நடந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிர்ப் பிரச்சினை. அதனால் உங்கள் டாக்டர் சிசேரியனே சொல்லலாம். அதைக் கேட்டு மனம் உடைய வேண்டாம்.

முதல் ஆபரேஷன் ஏன் நடந்தது, கர்ப்பப்பையில் வெட்டு எப்படிப் போட்டார்கள் என்பதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள். அந்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எந்த வழியானாலும் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் எந்நேரமும் தயாராக இருக்கும் ஆஸ்பத்திரிதான் உங்களுக்குச் சரி. வலி வந்தபின் வீட்டில் பொறுத்துப் பார்க்கும் பேச்சே கூடாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவே குறைந்தது இரண்டு வருடம் விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதுவே.

எனக்கு பி நெகட்டிவ், கணவருக்கு ஓ பாசிட்டிவ். முதல் பிரசவத்தில் ஊசி போட்டார்கள். மறுபடியும் வேண்டுமா?

வேண்டும், ஒவ்வொரு கர்ப்பத்திலும். முதலில் கூம்ப்ஸ் என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அதில், பாசிட்டிவ் ரத்தத்தை எதிர்க்கும் பொருள் உங்கள் உடம்பில் இல்லையென்றால், அது உருவாகாமல் தடுக்க 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி. பிறக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. நடுவில் கரு கலைந்தாலோ, ரத்தப்போக்கு வந்தாலோ, வயிற்றில் அடிபட்டாலோ அன்றே போய்ச் சொல்லுங்கள்.

ரத்தம் (ஹீமோகுளோபின்) 8.9 என்கிறார்கள். இரும்பு மாத்திரை போட்டால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. விட்டுவிட்டேன். இது இரண்டாவது பேறு, மூத்தவளுக்கு ஒன்றரை வயது.

கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம்தான், பயப்பட எதுவும் இல்லை. 11 இருக்க வேண்டிய இடத்தில் 8.9 என்பது நிச்சயம் கவனிக்க வேண்டிய அளவு. முதல் பேறில் இழந்த இரும்புச் சத்து திரும்பச் சேர்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இந்த நிலையில் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் கூடப் போனாலும் உடம்பு தாங்காது.

குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கும் முன் போட்டுப் பாருங்கள். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட எடுத்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதோடு சேர்த்து விழுங்காதீர்கள், வேறு நேரத்துக்கு வையுங்கள். அப்புறம் கட்டன்சாயா, பால் விடாத தேநீர். நம் வீடுகளில் சாப்பாடு முடிந்த கையோடு குடிக்கிற பழக்கம் இருக்கிறது. தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் நடுவே ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் பசிக்கு நல்லதுதான். ஆனால் மரச்சீனியில் இரும்பு மிகக் குறைவு. முருங்கைக்கீரை, பயறு, முட்டை, சாளை மீன், முடிந்தால் ஈரல் சேருங்கள். ஈரல் வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் விட்டுவிடாமல் போய்ச் சொல்லுங்கள், இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்ற வழி இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் மாத்திரை உண்டு. நிறைய பேர் அதை மறந்துவிடுகிறார்கள்.

வயிற்றில் நாலு மாதம். மூத்தவன் இன்னும் பால் குடிக்கிறான். கர்ப்பப் பால் விஷம், உடனே நிறுத்து என்கிறார் மாமி.

விஷம் ஆகாது. கர்ப்பம் நல்லபடியாக இருந்தால் கொடுக்கலாம். போகப் போகப் பால் குறையும், சுவையும் மாறும். பல பிள்ளைகள் தாங்களே விட்டுவிடும். கடைசி மாதங்களில் சீம்பாலாக மாறும்போது அவனுக்குக் கொஞ்சம் இளக்கமாகப் போகலாம். இதற்கு முன் குறைமாதப் பிரசவம் ஆகியிருந்தாலோ, இப்போது ரத்தம் பட்டாலோ, இரட்டைப் பிள்ளை என்றாலோ டாக்டரிடம் கேட்டு நிறுத்துவது நல்லது. நீங்கள் கூடுதலாகச் சாப்பிட வேண்டும். பிறந்தபின் சின்னதுக்குத்தான் முதலில், மிச்சம்தான் மூத்தவனுக்கு.

மூத்தவனுக்கு மூன்று வயது. பாப்பா பிறந்து மூன்று வாரம். மறுபடி படுக்கையில் மூத்திரம் போகிறான், பாப்பாவைக் கிள்ளுகிறான், எப்போதும் இடுப்பில் தூக்கச் சொல்கிறான். அடித்துவிட்டேன். என்ன செய்வது?

இந்தக் கடிதத்தை நான் இரண்டு முறை படித்தேன். அவன் கெட்ட பிள்ளையாகிவிடவில்லை, நீங்களும் கெட்ட அம்மா ஆகிவிடவில்லை. நேற்றுவரை வீட்டில் ஒரே பிள்ளை. திடீரென்று அம்மாவின் மடியில் வேறு யாரோ இருக்கிறது. சின்னப் பிள்ளையாக இருந்தால்தான் அம்மா தூக்குவாள் என்று அவனுக்குப் புரிந்திருக்கிறது, அதனால் சின்னப் பிள்ளையாகிப் பார்க்கிறான். படுக்கை நனைவதைத் திட்டாமல் துணியை மாற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள். பெரும்பாலும் சில வாரம், சில மாதத்தில் தானே சரியாகும்.

முதலில் வீட்டுக்கு வருகிறவர்களின் வாயை நிறுத்துங்கள். "இனி அம்மா உன்னைப் பார்க்க மாட்டா", "பாப்பாவை நான் தூக்கிட்டுப் போகட்டா?" என்று வேடிக்கை பேசுவார்கள். பெரியவர்களுக்கு அது விளையாட்டு. மூன்று வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பும். பிறந்த 28-வது நாள் கயிறு கட்டும் 28 கெட்டு அன்று அரைஞாணும் உடுப்பும் எல்லாம் பாப்பாவுக்கே வந்து குவியும். மைனியிடமோ சித்தியிடமோ முன்கூட்டிச் சொல்லி, மூத்தவனுக்கும் ஒரு சட்டையோ பொம்மையோ வாங்கி வரச் செய்யுங்கள். கறுப்புக் கயிறு கட்டும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பாப்பா தூங்கும் நேரத்தில் தினமும் கால் மணி நேரம் அவனுக்கே. வேலை, போன் எதுவும் நடுவில் வேண்டாம். சிசேரியன் என்றால் அவனைத் தூக்காதீர்கள்; உட்கார்ந்துகொண்டு மடியில் ஏறச் சொல்லுங்கள், அவனுக்கு அதுவும் போதும். பால் கொடுக்கும்போது மறுபக்கம் உட்கார வைத்துக் கதை சொல்லலாம். கிள்ளினால் கையைப் பிடித்து, "பாப்பாவுக்கு வலிக்கும், கிள்ளக் கூடாது" என்று ஒரே வாக்கியம். அதற்கு மேல் நீட்ட வேண்டாம். இருவரையும் தனியாக ஒரே அறையில் விடவே விடாதீர்கள். அங்கன்வாடியில் சேர்ப்பது, படுக்கையை மாற்றுவது எல்லாம் இப்போது வேண்டாம், அவன் கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டும். குளிப்பாட்டுவதும் ராத்திரி தூங்க வைப்பதும் இனி அப்பாவின் வேலை.

உங்களுக்கும் ஒன்று கேட்க வேண்டும். அழுகை, தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்கிறதா? ஆமாம் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கு மருத்துவம் உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்தும் உண்டு.

பேறு ஆகி ஒரு வாரம். தினமும் மூலிகை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க வேது குளி, காயம் என்ற பேறுகால மருந்துருண்டை, அரிஷ்டம். தண்ணீர் கேட்டால் வயிறு பெருக்கும் என்கிறார்கள். குழந்தைக்கு வயம்பும் (வசம்பு) பொன்னும் தேனில் உரைத்துக் கொடுக்கிறார்கள்.

வேது குளி உடம்புவலிக்குச் சுகமானதுதான், நானும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கை பொறுக்கும் சூடு போதும். வயிற்றில் வீசி அடிப்பதும் தையலில் ஊற்றுவதும் கூடாது. சிசேரியன் தையல் ஆறும்வரை டாக்டரைக் கேட்டுத்தான். சுக்கும் நல்லமிளகும் கருப்பட்டியும் சேர்ந்த காயம் சிறு உருண்டை எடுக்கலாம், சர்க்கரை நோய் இருந்தால் வேண்டாம். தசமூலாரிஷ்டத்தில் நொதிப்பினால் உண்டாகும் சாராயம் இருக்கிறது. பால் கொடுக்கும்போது அதைத் தவிர்ப்பதே என் சொல்.

தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். குடிக்காமல் இருந்தால் மலச்சிக்கலும் மூத்திரக் கடுப்பும்தான் வரும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், வீட்டுக்குள் நடங்கள். இரண்டாவது பேறில் பால் கொடுக்கும்போது அடிவயிறு சுருட்டி வலிக்கும், முதலைவிட அதிகமாகவே இருக்கும். கர்ப்பப்பை சுருங்குவதுதான் அது. ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், நாற்றம் வீசினால், ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

குழந்தை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு வயதுவரை தேன் ஒரு துளியும் கூடாது; அதிலிருக்கும் கிருமி வித்து சிசுவின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கக்கூடும். வயம்பும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். உரைத்த பொன்னைத் தொட்டு நெற்றியில் வைத்துச் சடங்கை முடிக்கச் சொல்லிப் பாருங்கள், வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

கசுவண்டி (முந்திரி) ஆலையில் வேலை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. மூன்றாவது பிரசவத்துக்கு லீவு சம்பளம் உண்டா?

உண்டு. உயிரோடு இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது வரும் அடுத்த பேறுக்கு 12 வாரம்; முதல் இரண்டுக்கு என்றால் 26 வாரம். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளாவது உங்கள் பெயரில் பணம் கட்டியிருக்க வேண்டும். வருகைப் பதிவை இப்போதே சரிபாருங்கள்.

மனைவிக்கு மூன்றாவது பிரசவம் நெருங்குகிறது. இதோடு போதும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். அவளுக்கு ஆபரேஷன் செய்வதா, எனக்கா?

தம்பி, நீங்களே எழுதிக் கேட்டதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். உங்களுக்குச் செய்வது எளிது. தழும்பில்லா வாசக்டமி என்ற ஆண் கருத்தடை சில நிமிட வேலை, மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்வார்கள். அன்றே வீடு திரும்பலாம். வேலை செய்யும் பலமோ ஆண்மையோ குறையாது. ரப்பர் வெட்டப் போகிறவர் என்றால் ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருங்கள். மனைவிக்கு என்றால் பிரசவமாகி ஏழு நாளுக்குள் செய்யலாம், சிசேரியன் ஆனால் அதோடு சேர்த்தே முடித்துவிடுவார்கள். ஆனால் ரத்தம் குறைந்து களைத்திருக்கும் உடம்புக்கு இன்னொரு ஆபரேஷன் எதற்கு என்று யோசியுங்கள்.

நிரந்தரமாக வேண்டுமா என்பதில் கொஞ்சமாவது தயக்கம் இருந்தால், பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம், பத்து வருடம் வரை போதும், வேண்டும்போது எடுத்துவிடலாம். நீங்கள் செய்துகொள்வதானால் ஒன்றை மறக்காதீர்கள்: வாசக்டமி அன்றே பலன் தராது. மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்துங்கள், பிறகு விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று சீட்டு கைக்கு வந்தபின்தான் அதை நிறுத்த வேண்டும்.