சொந்தமாக எழுதி, மெட்டமைத்துப் பாடும் கானா பாட்டு யாருக்குச் சொந்தம்?

வடசென்னையின் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தலையெடுக்கும் கானா இளைஞர்கள் பலருக்கு வரி, மெட்டு, குரல் மூன்றும் சொந்தச் சரக்கு. மேசையைத் தட்டித் தாளம் பிடித்து, செல்போனில் பதிந்துவிடுவார்கள். பிறகு ஸ்டுடியோ செலவை வேறொருவர் ஏற்றால், மொத்தப் பாட்டும் அவருக்குப் போய்விடுமா?

தானாகப் போகாது. சட்டத்தின் பார்வையில் பாட்டு ஒரே பொருள் இல்லை. வரி எழுதியவருக்கு ஓர் உரிமை, மெட்டமைத்தவருக்கு ஒன்று, பாடியவருக்கு ஒன்று. ஒலிப்பதிவுக்கு முதல் போட்டவருக்குத் தனி. காசிமேட்டில் படகு ஒருத்தருடையது என்பதற்காக மீன் முழுக்க அவருக்கா போகிறது? கடலுக்குப் போனவர்களுக்கும் பங்கு உண்டே, அந்தக் கணக்குதான்.

உரிமையை எழுத்தில் கைமாற்றலாம். ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுதியவரும் மெட்டமைத்தவரும் ராயல்டிப் பங்கை, அதாவது பாட்டைப் பயன்படுத்துபவர்கள் கட்டும் தொகையில் தங்கள் பங்கை, விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. (கையில் கொஞ்சம் காசு கொடுத்துக் கையெழுத்து வாங்குவது மட்டும் ஓயவில்லை.) அந்தப் பங்கை வசூலித்துத் தர ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது, முதலில் அதில் உறுப்பினராக வேண்டும்.

சாவு வீட்டில் பாடும் மரண கானாவின் பழைய மெட்டில் புது வரி போட்டால், வரிக்கு மட்டுமே உரிமை கோரலாம்.

'பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யாத பாட்டுக்கு உரிமை கிடையாது' என்று பலர் நினைக்கிறார்கள். எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு என்பது தகராறு வந்தால் காட்டும் சாட்சி.