காசிரங்காவுக்கு வெள்ளம் வேண்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அசாமிலிருந்து வெள்ளப் படங்கள் வரத் தொடங்கினாலே அங்குள்ள காசிரங்கா தேசியப் பூங்கா பற்றிய கேள்விகளும் குவிந்துவிடும். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கே: பிரம்மபுத்திரா வெள்ளத்தில் ஆண்டுதோறும் விலங்குகள் மடிகின்றன. உயரமாகக் கரை கட்டித் தண்ணீரை வெளியிலேயே நிறுத்திவிட்டால் என்ன?

ப: கூடாது. காசிரங்காவை உண்டாக்கியதே அந்த வெள்ளம்தான். ஆறு விட்டுச்செல்லும் வண்டலில்தான் யானை உயரத்துக்குப் புல் வளர்கிறது. பீல் என்று அங்கே சொல்லும் ஏரிகளை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. முட்டையிட மீன்கள் ஆற்றிலிருந்து அந்த ஏரிகளுக்குள் ஏறி வருகின்றன. மீனை நம்பி நாரைகளும் கூழைக்கடாக்களும் வருகின்றன. சில பத்தாண்டுகள் வெள்ளமே வராவிட்டால் புல்வெளியில் மரக்கன்றுகள் தலையெடுத்து எல்லாம் அடர்காடாகிவிடும். காண்டாமிருகம், காட்டு நீரெருமை, சதுப்புநில மான் மூன்றும் புல்லையும் சேற்றையும் நம்பி வாழ்பவை. 2022 கணக்கெடுப்பில் இங்கே 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. உலகில் வேறெந்த இடத்திலும் இத்தனை ஒற்றைக்கொம்பன்கள் கிடையாது.

விலங்குகளுக்கும் வெள்ளம் புதிதல்ல. தண்ணீர் ஏறும்போது தெற்கே நடந்து கார்பி ஆங்லாங் மலைகளுக்குப் போகும், வடிந்ததும் இறங்கிவரும். சிக்கல் அந்த வழியில்தான். பூங்காவின் தெற்கு விளிம்பை ஒட்டித் தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. அதைத் தாண்டினால் தேயிலைத் தோட்டங்கள், விடுதிகள், கல்குவாரிகள். 2019-ல் உச்ச நீதிமன்றம் அந்த மலைப்பகுதியில் குவாரி வேலைக்கும், ஒன்பது வலசைப் பாதைகளில் புதிய கட்டுமானத்துக்கும் தடை விதிக்க வேண்டியதாயிற்று. 2024 வெள்ளத்தில் இறந்த விலங்குகள் இருநூறுக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை குட்டைக் கால் கொண்ட பன்றி மான்கள்.

பூங்காவுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட மண்மேடுகள் போட்டிருக்கிறார்கள். அவசரத்துக்கு உதவுகின்றன, சரி. ஆனால் நெரிசலில் நிற்க மட்டும் இடமுள்ள மேடு, மேய்ச்சலுள்ள மலைக்கு ஈடாகாது. கரைக்குக் கொட்ட நினைக்கும் பணத்தை வலசைப் பாதைகளைத் திறந்து வைக்கச் செலவிடுங்கள் என்பதே என் கட்சி.

கே: அந்தச் சாலையில் வேகக் கட்டுப்பாடு இருக்கிறதாமே?

ப: இருக்கிறது. வலசைப் பாதைகளில் மணிக்கு 40 கி.மீ.தான். வெள்ளக் காலத்தில் வண்டி நுழையும்போதே நேரம் குறித்த அட்டை கொடுத்து, மறுமுனையில் சரிபார்ப்பார்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அபராதம்! நல்ல யோசனைதான், ஆனாலும் இரவு லாரிகளின் அவசரத்துக்கு அட்டை மட்டும் போதாது. சுமார் 34 கி.மீ. நீள உயர்மட்டச் சாலைக்கு 2025-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தூண்களுக்கு அடியில் கடைகள் முளைக்காமல் பார்த்துக்கொண்டால் பயன் உண்டு.

கே: எந்த மாதம் போகலாம்?

ப: பிப்ரவரி, மார்ச். மழைக்காலத்தில் பூங்கா மூடியிருக்கும். நவம்பரில் போனால் பத்தடியில் நிற்கும் காண்டாமிருகத்தைக்கூடப் புல் மறைத்துவிடும். குளிர்காலத்தில் வனத்துறையே பகுதி பகுதியாகப் புல்லை எரிக்கும் (கருகிய தரையைப் பார்த்துக் காட்டுத்தீ என்று பதற வேண்டாம்). பிறகு வரும் இளந்தளிரைத் தேடி விலங்குகள் வெளியே வரும். பூங்காவின் சுற்றுலாப் பகுதிகளில் கோஹோராவில் கூட்டம் அதிகம். காண்டாமிருகத்துக்கு பாகோரி, பறவைகளுக்கு அகராதோலி.

கே: காண்டாமிருகக் கொம்பு உண்மையில் மருந்தா?

ப: இல்லை. அது கெரட்டின், நம் நகத்தில் இருக்கும் அதே பொருள். இதை ஊரறியச் சொல்லத்தான் 2021 செப்டம்பர் 22 அன்று பூங்காவை அடுத்த போகாகாட்டில் அசாம் அரசு 2,479 கொம்புகளை எரித்தது. அடுத்த ஆண்டு அசாமில் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டையில் சாகவில்லை. மழையிலும் சேற்றிலும் முகாம்களில் கிடக்கும் வனக்காவலர்களின் உழைப்பு அது. அதே சமயம், பணியில் துப்பாக்கியால் சுட்ட காவலர் மீது அரசு அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது என்று 2010-ல் கிடைத்த சட்டப் பாதுகாப்பு குறித்துச் சுற்றுவட்டார கிராமங்களில் கசப்பு இருக்கிறது. அதை மூடி மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

கே: யானைச் சவாரி?

ப: நான் பரிந்துரைப்பதில்லை. ஜீப்பிலேயே போதுமான அளவு பார்க்கலாம்.

கே: குழந்தைகளுடன் ஜீப்பில் போவது பாதுகாப்பா?

ப: உட்கார்ந்து போனால் பாதுகாப்புதான். 2025 ஜனவரியில் பாகோரியில் ஒரு தாயும் மகளும் ஜீப்பிலிருந்து காண்டாமிருகங்களுக்கு முன்னால் விழுந்த காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நல்லவேளை, பிழைத்தார்கள். காண்டாமிருகத்துக்குக் கண்பார்வை மந்தம், மோப்பமும் செவியும் கூர்மை. கன்றுடன் இருக்கும் தாய் எச்சரிக்காமலே பாயும். தாக்குவது பெரும்பாலும் கொம்பால் அல்ல, கீழ்த்தாடைப் பற்களால். வண்டி சட்டென்று பின்னால் எடுக்கப்படலாம் என்பதால் குழந்தைகளை நிற்க விடாதீர்கள். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க அண்ணா" என்று ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள். அவராகவே ரொம்பக் கிட்டப் போனால், போதும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.